நேர்கோட்டைத் தேடி: உள்பொறிப் படகில் புரொப்பெல்லரும் ஷாஃப்டும்

உள்பொறிப் படகில் எஞ்சின் உள்ளே இருக்கிறது. அது சுழற்ற வேண்டிய புரொப்பெல்லர் வெளியே, தண்ணீருக்குள் இருக்கிறது. நடுவே ஒரு ஷாஃப்ட் படகின் உடலைத் துளைத்துக்கொண்டு சற்றே சரிந்து இறங்குகிறது. முன் முனையில் கியர்பாக்ஸின் கப்ளிங், அடுத்து கடல்நீரைத் தடுக்கும் கிளாண்ட், பிறகு ஸ்டெர்ன் டியூப் எனப்படும் குழாயின் பேரிங், பல படகுகளில் அடிப்பலகையிலிருந்து இறங்கும் பிராக்கெட்டில் இன்னொரு பேரிங் என நான்கு இடங்களில் அதைப் பிடித்திருக்கிறார்கள். இந்த நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் படகு அதிரும், கிளாண்ட் ஒழுகும், பேரிங் தேயும், கடைசியில் ஷாஃப்டே முறியலாம். எப்படி ஒத்துப்போக வைப்பது?

கேள்வி பழையது. திருகு வடிவ உந்திக்கு ஆஸ்திரியப் பேரரசில் யோசெஃப் ரெசல் 1827இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தும் ஜான் எரிக்சனும் 1836இல் சில வார இடைவெளியில் பெற்றார்கள். அன்று தொடங்கி வந்த விடைகளை மூன்றாகத் தொகுக்கலாம். ஷாஃப்டை நேர்கோட்டில் நிறுத்தி இறுக்கிவிட வேண்டும் என்பது ஒன்று. கோடு எப்படியும் அசையும், அந்த அசைவுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. எஞ்சினையும் ஷாஃப்டையும் ஒரே உடலாக்கிவிட்டால் படகின் நெளிவு அவற்றைத் தொடாது என்பது மூன்றாவது. இந்த மூன்றும் பெரும்பாலும் முன் முனையைப் பற்றியே பேசுகின்றன. பின் முனையில், புரொப்பெல்லர் ஷாஃப்டின் மீது உட்காரும் இடத்தில், வேறொரு விவாதம் தனியாக நடந்துவந்திருக்கிறது. அதற்குக் கிடைத்த கவனம் குறைவு. முறிவுகளில் அந்த இடத்தின் பங்கு அந்த அளவுக்குக் குறைவானதல்ல என்று கருத இடமிருக்கிறது.

முதல் தோல்விகள் பேரிங்கில்

1840களில் திருகுக் கப்பல்கள் பெருகியபோது பொறியாளர்களை அதிகம் வாட்டியது புரொப்பெல்லர் இலையின் வடிவம் என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. கடலில் கப்பல்களைத் திணறவைத்தது ஷாஃப்ட் கப்பலைவிட்டு வெளியேறும் இடம். உலோகத்தின் மீது உலோகம் சுழன்ற அந்த பேரிங்குகள் கனத்த ஷாஃப்டின் எடையில் வேகமாகத் தேய்ந்தன. தேய்ந்த அளவுக்கு ஷாஃப்ட் இறங்கியது, இறங்கிய அளவுக்கு நீர் புகுந்தது. ஆங்கிலப் பொறியாளர் ஜான் பென் 1854இல் இதற்கு ஒரு தீர்வைக் காப்புரிமையாக்கினார். லிக்னம் விட்டே என்ற மரத்தின் கீற்றுகளைப் பித்தளைக் கூட்டுக்குள் வரிசையாகப் பதித்து, இடையிடையே கடல்நீர் ஓட வழிவிட்டார். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தியான மரம் அது. அதன் இயற்கைப் பிசினே எண்ணெயாக வேலை செய்தது. உலோகம் தோற்ற இடத்தில் மரம் நின்றதை அன்றைய பொறியாளர்கள் எளிதில் நம்பியிருக்க மாட்டார்கள்.

சிறு படகுகளைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய திருப்பம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், கடலுக்குத் தொடர்பே இல்லாத ஓரிடத்தில் நிகழ்ந்தது. கலிஃபோர்னியச் சுரங்கம் ஒன்றில் மணல் கலந்த நீரை இறைத்த பம்பின் பேரிங்குகள் அடிக்கடி தேய்ந்து போயின. சுரங்கப் பொறியாளர் சார்லஸ் ஷெர்வுட் அவசரத்துக்கு ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை பேரிங்காகச் செருகினார். அது உலோகத்தைவிட நீண்ட நாள் உழைத்தது. மணல்துகள் இடையில் மாட்டினால் உலோகம் கீறுபடும். ஈரமான ரப்பரோ துகளுக்கு வளைந்து கொடுத்து, அதை உருட்டிப் பள்ளத்தில் தள்ளி, நீரோடு வெளியேற்றிவிடும். நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும் ரப்பர் பேரிங் இன்று உலகெங்கும் சிறு படகுகளில் இருக்கிறது.

இந்த ரப்பர் ஒரு பக்கவிளைவையும் கொண்டுவந்தது. உலோக பேரிங் கோடு பிசகினால் சூடேறிக் காட்டிக்கொடுக்கும். ரப்பர் பொறுத்துக்கொள்கிறது, மெல்ல ஒரு பக்கமாகத் தேய்ந்து, பல மாதங்கள் கழித்தே புகார் சொல்கிறது. அதனால் எவ்வளவு பிசகு தாங்கும் என்ற கேள்விக்குத் திட்டவட்டமான விடை இல்லாமல் போயிற்று. பின்னால் வந்த பல கருத்து வேறுபாடுகளுக்கு இதுவே ஊற்று.

நேராக்கி இறுக்கு

முதல் மரபு நீராவிக் கப்பல்களின் எஞ்சின் அறையில் பிறந்தது. ஷாஃப்டின் கப்ளிங் முகமும் கியர்பாக்ஸின் கப்ளிங் முகமும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஒரே மையத்திலும் இருந்தால் கோடு நேர் என்று அது கொள்கிறது. கைநூல்கள் பரவலாகத் தரும் அளவு, கப்ளிங் விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மி.மீ. கப்ளிங்கில் இது சுமார் 0.1 மி.மீ. இடைவெளி; ஒன்றிரண்டு தலைமுடிகளின் தடிமன்தான் இது.

செய்முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. ஷாஃப்டை முதலில் தன் பேரிங்குகளின் மையத்தில் நிறுத்த வேண்டும்; பிறகு எஞ்சினை ஷாஃப்டை நோக்கிக் கொண்டுவர வேண்டும். எஞ்சினை முதலில் போல்ட்டு போட்டு இறுக்கிவிட்டு ஷாஃப்டை அதை நோக்கி இழுத்தால் கப்ளிங் பொருந்தும். பேரிங் மட்டும் காலமெல்லாம் அந்த இழுவையைச் சுமக்கும். கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றியதும் ஷாஃப்டின் முனை தன் எடையிலேயே தொங்குவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 25 மி.மீ. எஃகு ஷாஃப்ட் மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ. தாங்கலின்றி நிற்கும் பகுதியின் எடையில் பாதியையும், கப்ளிங்கின் முழு எடையையும் ஒரு வில்தராசால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அளவெடுக்க வேண்டும். பிறகு ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களில் செருகிப் பார்க்கிறார்கள். ஷாஃப்ட் பக்கத்துக் கப்ளிங்கை மட்டும் கால் சுற்றுத் திருப்பி மீண்டும் அளக்கிறார்கள். அகன்ற இடைவெளி இருந்த இடத்திலேயே நின்றால் எஞ்சினின் நிலைதான் பிசகு. கப்ளிங்கோடு சேர்ந்து சுற்றிவந்தால் கப்ளிங் முகம் கோணலாகக் கடையப்பட்டிருக்கிறது அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. இந்தக் கால் சுற்றைச் செய்யாமல் எஞ்சினின் அடியில் தகடு செருகிக்கொண்டே போனால் வேலை முடிவதில்லை.

இம்மரபின் பலவீனம் அதன் அடிப்படையிலேயே இருக்கிறது. படகு கரையில் ஒரு வடிவம், தண்ணீரில் வேறொரு வடிவம். மரப்படகாக இருந்தால் வேறுபாடு கூடும். காய்ந்த பலகை ஊறி விரியவே சில நாள் ஆகும். ஃபைபர் படகும் கட்டைகளின் மேல் நிற்கும்போது ஒருவிதமாகவும் மிதக்கும்போது ஒருவிதமாகவும் வளைகிறது. டீசல் தொட்டி நிறைந்திருக்கிறதா, மீன் அறையில் ஐஸ் ஏற்றியிருக்கிறதா என்பதைப் பொறுத்தும் கோடு மாறும். எனவே படகு இறங்கி ஓரிரு நாள் மிதந்த பிறகே இறுதி அளவெடுக்க வேண்டும் என்று கைநூல்கள் வற்புறுத்துகின்றன. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் காலம். ஷாஃப்டை உருவிப் பார்ப்பதும் அப்போதுதான். தடை முடியும் நாளில் எல்லாப் படகுகளும் ஒரே மூச்சில் கடலுக்குப் புறப்படும் ஏற்பாட்டில், மிதக்கவிட்டு அளக்கும் அந்த ஓரிரு நாளை ஒதுக்குவது எளிதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேர்கோட்டு மரபைத் தந்த பெரிய கப்பல் துறையே 1950களின் பிற்பகுதியிலிருந்து நேர்கோட்டைக் கைவிடத் தொடங்கிற்று. நீண்ட ஷாஃப்டைத் தன் எடையில் இயல்பாகத் தொய்யவிட்டு, ஒவ்வொரு பேரிங்கும் சுமக்க வேண்டிய பாரத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ப பேரிங்குகளை வேண்டுமென்றே உயர்த்தியும் தாழ்த்தியும் வைக்கும் முறை அங்கே நிலைபெற்றது. கோடு நேராக இருக்கிறதா என்று கேட்ட இடத்தில், பாரம் சரியாகப் பங்கிடப்படுகிறதா என்று கேட்கிறார்கள். சிறு படகு உலகம் பழைய கேள்வியையே இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஷாஃப்ட் குட்டையாக இருப்பதால் வேறுபாடு பெரிதல்ல என்ற வாதம் ஓரளவு ஏற்கத்தக்கதே.

அசையவிடு

இரண்டாவது மரபின் தாய் சிறிய டீசல் எஞ்சின். ஒன்று அல்லது இரண்டு சிலிண்டர் டீசல் குறைந்த வேகத்தில் குலுங்கும்; அதை உறுதியான அடித்தளத்தில் இறுக்கினால் படகு முழுவதும் அதிரும். அதனால் எஞ்சினின் கால்களுக்கு அடியில் ரப்பர் மவுண்ட்டுகள் வந்தன. மவுண்ட் வந்ததும் எஞ்சின் அசையத் தொடங்கியது; அந்த அசைவை வாங்க கப்ளிங்குகளுக்கு நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வட்டு வந்தது; கிளாண்டை ஸ்டெர்ன் டியூபோடு கெட்டியாகப் பிணைக்காமல் ரப்பர் குழாயில் மிதக்கவிடும் வழக்கமும் வந்தது.

நெகிழும் கப்ளிங் போட்டாயிற்று, இனி கோடு பார்க்க வேண்டாம் என்று நினைப்பதுதான் இம்மரபைச் சூழ்ந்துள்ள பெரிய மயக்கம். அத்தகைய கப்ளிங்கைச் செய்யும் நிறுவனங்களில் பெரும்பாலானவை, அதைப் பொருத்துமுன் கெட்டிக் கப்ளிங்குக்குச் செய்வதைப் போலவே கோட்டைச் சரிபார்க்கச் சொல்கின்றன. வட்டு நெகிழ்வது எஞ்சினின் நொடிநேர அசைவை வாங்குவதற்கு. நிலையான பிசகை அதன்மேல் சுமத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் வட்டு ஒருமுறை கசங்கும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்றால் மணிக்கு அறுபதாயிரம் கசங்கல். ரப்பர் மவுண்ட்டும் காலப்போக்கில் எடையில் அமுங்குகிறது, டீசலும் எண்ணெயும் பட்டு மென்மையாகிறது. கடந்த ஆண்டு சரியாக இருந்த கோடு இந்த ஆண்டு அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

உந்துவிசையால் வரும் இன்னொரு சிக்கலும் உண்டு. புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும்போது ஷாஃப்ட் முன்னுக்குத் தள்ளப்படுகிறது. படகையே நகர்த்தும் அந்த விசை கியர்பாக்ஸ் வழியாக எஞ்சினுக்குப் போய், எஞ்சினிலிருந்து மவுண்ட்டுகள் வழியாகத்தான் படகைச் சேர்கிறது. அதிர்வைத் தடுக்க மவுண்ட் மென்மையாக இருக்க வேண்டும். உந்துவிசையைத் தாங்க அது கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ரப்பரிடம் கேட்பது பொருந்தாத ஆசை. இந்த முடிச்சை அவிழ்க்க, உந்துவிசையை வாங்கும் பேரிங்கைத் தனியாகப் பிரித்து, படகின் உடலோடு பிணைத்த வலுவான தாங்கியில் வைத்து, அதற்கும் எஞ்சினுக்கும் இடையே கார்களில் இருப்பது போன்ற சிவி ஜாயின்ட்டுகள் கொண்ட குட்டை ஷாஃப்டை மாட்டும் ஏற்பாடு வந்தது. எஞ்சின் சில டிகிரி கோணத்தில் நின்றாலும் பரவாயில்லை, மவுண்ட் எவ்வளவு வேண்டுமானாலும் மென்மையாக இருக்கலாம். எஞ்சினுக்கான நேர்கோட்டுக் கேள்வியை இது ஏறத்தாழ ஒழித்துவிடுகிறது என்றே சொல்லலாம். தாங்கிக்கும் பின்னால் உள்ள பேரிங்குகளுக்கும் இடையிலான கோட்டை ஒழிக்கவில்லை. அந்தக் கோட்டைப் படகு கட்டும்போதே சரியாக அமைக்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய படகில் தாங்கியைப் புதிதாகச் சேர்க்க இடமும் செலவும் தடை. மீன்பிடிப் படகுகளைவிட உல்லாசப் படகுகளிலேயே இது அதிகம் காணப்படுவதற்குக் காரணம் அதுதான்.

ஒரே உடல்: வங்காள விரிகுடாக் கரையின் விடை

மூன்றாவது விடைக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு நம் கரையிலேயே உருவானது. இந்தியக் கிழக்குக் கரையின் பெரும்பகுதியில் துறைமுகம் இல்லை. படகு அலையைக் கடந்து மணலில் ஏற வேண்டும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் முதல் நாளே மணலில் முறியும். 1950களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் படகு வடிவமைப்பாளர் பால் சீனர் வடிவமைத்த ‘பாப்லோ’ படகுகள் சிறு டீசலைத் தமிழகக் கரைக்குக் கொண்டுவந்தபோதே இச்சிக்கல் தெரிந்திருந்தது. அதே அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளுக்காக ‘பாப் டிரைவ்’ என்ற ஏற்பாட்டை உருவாக்கியது. எஞ்சின், ஷாஃப்ட், புரொப்பெல்லர் மூன்றும் ஒரே கெட்டியான அலகு. ரப்பர் துருத்தி ஒன்று நீர் புகாமல் மூடியிருக்க, அலகு முழுவதையும் சாய்த்துப் புரொப்பெல்லரைத் தூக்கிவிடலாம்.

வடிவமைத்தவர்களின் நோக்கம் மணலிலிருந்து தப்புவது. நம் கேள்வியின் கோணத்தில் பார்த்தால் அதில் இன்னொரு பயனும் தெரிகிறது. எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே சட்டத்தில் இருப்பதால் படகு எப்படி நெளிந்தாலும் அவற்றுக்கிடையே கோடு மாறாது. பட்டறையில் ஒருமுறை பார்த்தால் போதும். பலவீனம் துருத்திக்கு இடம் மாறிற்று. ரப்பர் கிழிந்தால் எஞ்சின் அறைக்குள் கடல். மாற்றுத் துருத்தி கிடைக்கும் வரை படகு கரையில் நிற்க வேண்டியதுதான்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையில் பெருகிய ஃபைபர் படகுகளில் பல, இதையும்விட எளிய வழியைக் கைக்கொண்டன. எஞ்சினை மேலே வைத்து, நீண்ட குழாய்க்குள் ஷாஃப்டை நேராகப் பின்னால் நீட்டும் ‘லாங் டெயில்’ அது. படகின் உடலில் துளையே இல்லை. ஸ்டெர்ன் டியூபும் இல்லை, கிளாண்டும் இல்லை. உந்துதிறனில் சற்று இழப்பு உண்டு. பெரிய எஞ்சினுக்கும் இழுவலைக்கும் இது பொருந்தாது. ஆகவே நேர்கோட்டுக் கேள்வி விசைப்படகுகளிடம் அப்படியே தங்கிவிட்டது.

டேப்பர்: நெகிழ்வுக்கு இடமில்லாத இடம்

ஷாஃப்டின் பின் முனை டேப்பராக, அதாவது கூம்பாகக் கடையப்படுகிறது. புரொப்பெல்லரின் இலைகள் சேரும் நடுப்பகுதியான குடத்தின் துளையும் அதே கூம்பு. இரண்டும் இறுக உட்கார்ந்து, நடுவே பள்ளத்தில் பொருந்தும் சிறு உலோகக் கட்டையான கீ, பின்னால் நட்டு, அது கழலாமல் தடுக்கும் கோட்டர் பின். இங்கே ரப்பரும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

முதல் தடை அளவுகளின் வேறுபாடு. அமெரிக்க மரபில் சிறு ஷாஃப்டுகளுக்கு 1:16 கூம்பு. ஐஎஸ்ஓ 4566 தரத்தில் 1:10. பிரிட்டிஷ் வழிவந்த பொருள்களில் 1:12ஐயும் காணலாம். 64 மி.மீ. நீளக் குடத்தில் 1:16 கூம்பின் விட்டம் 4 மி.மீ. குறைகிறது, 1:10 கூம்பில் 6.4 மி.மீ. ஒன்றை மற்றொன்றில் மாட்டினால் ஒரு முனையில் மட்டும் பிடித்து, மறுமுனையில் விட்டத்தில் 2.4 மி.மீ. வெற்றிடம் இருக்கும். நட்டை முறுக்கினால் இறுக்கமாகவே தோன்றும் என்பதுதான் ஆபத்து. 1:12க்கும் 1:10க்கும் இடையே அதே நீளத்தில் வேறுபாடு சுமார் 1 மி.மீ. தான். பழைய புரொப்பெல்லர்கள் கைமாறும் இடங்களில் கண்ணால் பார்த்து இதைப் பிடித்துவிட முடியும் என்று சொல்ல முடியாது.

சரிபார்க்கும் வழி எளிது, பெரும்பாலும் விட்டுவிடப்படுவது. கீ இல்லாமல் புரொப்பெல்லரைக் கையால் தள்ளி உட்காரவைத்து, குடத்தின் முன் விளிம்பு எங்கே நிற்கிறது என்று ஷாஃப்டில் பென்சிலால் கோடு போட வேண்டும். பிறகு கீயோடு மாட்டினால் அதே கோட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் குடம் கூம்பின் மேல் உட்காரவில்லை, கீயின் முதுகில் ஏறி நிற்கிறது. கீயின் மேல் முகத்துக்கும் குடத்தின் பள்ளத்துக்கும் இடையே சிறு இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும்; கீ பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும். இப்படி ஏறி நிற்கும் குடம் கோணலாக நிற்கும், அதிரும். அந்த அதிர்வுக்காக எஞ்சினின் அடியில் தகடு மாற்றுபவர்கள் உண்டு.

கூம்பு எவ்வளவு பரப்பில் தொட வேண்டும் என்பதற்கு நீலச்சாயம் பூசிப் பார்ப்பது பழைய முறை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், பரவலாகவும் அகன்ற முனையிலும் தொட வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. தொடாவிட்டால் என்ன செய்வது என்பதில் கருத்து பிரிகிறது. தேய்ப்புப் பசையைப் பூசி, புரொப்பெல்லரையே ஷாஃப்டின் மேல் முன்னும் பின்னும் திருப்பி இரண்டையும் இணைத்துத் தேய்ப்பவர்கள் ஒரு சாரார். அந்தப் புரொப்பெல்லருக்கு அந்த ஷாஃப்ட் கச்சிதமாகப் பொருந்திவிடும் என்பதில் ஐயமில்லை. மறுசாரார் கேட்பது, அடுத்த புரொப்பெல்லரை மாட்டும் நாளில் என்ன நடக்கும் என்பதே. தேய்ப்பு குடம் தொட்ட இடத்தில் மட்டும் நடப்பதால் அதன் விளிம்பில் ஷாஃப்டின் மேல் மெல்லிய படி ஒன்று விழும். நீளம் கூடிய புதுக் குடம் அந்தப் படியில் முட்டி நிற்கும். கூம்பில் இன்னொரு கணக்கும் உண்டு. 1:16இல் விட்டம் 0.1 மி.மீ. குறைந்தால் குடம் 1.6 மி.மீ. முன்னேறும். ஒவ்வொரு தேய்ப்பிலும் புரொப்பெல்லர் பேரிங்கை நோக்கி நகர்கிறது. அளவுக்கருவியைக் கொண்டு லேத்தில் கடைந்து சரிசெய்வதே முறை, தேய்ப்பு கடைசிக் கட்ட மெருகுக்கு மட்டும் என்ற இரண்டாம் சாராரின் வாதம் வலுவானதாகப் படுகிறது. ஆனால் அவர்களுடைய வழிக்கு நல்ல லேத்துப் பட்டறை அருகில் இருக்க வேண்டும்.

கீ எதற்கு என்பதிலும் இரு கருத்து. முறுக்குவிசையைக் கூம்பின் உராய்வே கடத்துகிறது, கீ பாதுகாப்புக்கு மட்டும் என்கிறது ஒன்று. சிறு படகில் நட்டை முறுக்குவதால் மட்டும் கிடைக்கும் உராய்வு நம்பத்தக்கதல்ல, கீதான் வேலை செய்கிறது என்கிறது மற்றொன்று. பெரிய கப்பல்கள் முதல் கருத்தின் பக்கம் சாய்ந்து, கீயையே எடுத்துவிட்டு எண்ணெய் அழுத்தத்தால் குடத்தைக் கூம்பில் ஏற்றும் முறைக்குப் போயின. அதற்குக் காரணம் உண்டு: கீக்கான பள்ளம் ஷாஃப்டைப் பலவீனப்படுத்துகிறது, களைப்பு விரிசல் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தின் முன் முனையில்தான் தொடங்குகிறது. பள்ளத்தைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தாமல் கரண்டி வடிவில் மெல்ல மேலேற்றி முடிப்பதும், மூலைகளை வட்டமாக்குவதும் இதற்காகவே. உள்ளூர்ப் பட்டறையில் கடையப்படும் ஷாஃப்டில் கண்ணால் பார்த்தே தரம் சொல்லிவிடக்கூடிய ஓரிடம் இது.

கூம்பில் கிரீஸ் தடவலாமா என்பது தீராத வழக்கு. தடவினால் அடுத்த முறை கழற்ற எளிது. ஆனால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் குடம் கூடுதலாக ஏறி, அதன் சுவரில் விரிசல் அபாயம் உண்டு. தடவாவிட்டால் கழற்றும் நாளில் நெருப்பும் சுத்தியலும் வேண்டியிருக்கும். நெருப்பு வெண்கலத்துக்கு நல்லதல்ல. துடைத்தெடுத்த மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும் என்பது நடுவழி.

இரண்டு நட்டு போடும் இடத்தில் எது முதலில் என்ற சர்ச்சை மட்டும் கணக்கால் தீரக்கூடியது. மெல்லிய நட்டு பூட்டு நட்டு, ஆகவே வெளியே என்று பலரும் போடுகிறார்கள். வெளி நட்டை முறுக்கும்போது அது உள் நட்டை முன்னால் அழுத்துகிறது; உள் நட்டின் மரைகள் தங்கள் சுமையை இழக்கின்றன; ஷாஃப்டின் இழுவை முழுவதும் வெளி நட்டின் மரைக்கு மாறுகிறது. சுமப்பது வெளி நட்டு என்றால் தடித்த நட்டு வெளியே இருப்பதே பொருத்தம், மெல்லியது உள்ளே. தலைகீழாகப் போட்ட படகுகள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன என்ற எதிர்வாதமும் பொய்யல்ல. கோட்டர் பின் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பதே அதற்கு விளக்கமாக இருக்கலாம்.

கசிவு வேண்டுமா?

பழைய கிளாண்டில் மெழுகோ கிராஃபைட்டோ ஊறிய சணல் பேக்கிங்கைச் சுற்றி இறுக்குகிறார்கள். ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும். அந்தச் சொட்டுதான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் விழாதபடி இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறி, பேக்கிங் இருக்கும் இடத்தில் பள்ளம் விழும். சொட்டே இல்லாத புது வகை சீல்களில், ஒரு கார்பன் வளையம் துருத்தியின் அழுத்தத்தில் எஃகு வட்டின் மேல் வழுக்குகிறது. படகின் அடி காய்ந்திருக்கும். பேக்கிங் மெல்ல மெல்லத் தேய்ந்து எச்சரிக்கும். துருத்தி கிழிந்தால் எச்சரிக்கை கிடையாது. ஷாஃப்ட் துருப்பிடிக்காத எஃகு என்றால் இன்னொரு கவலை: தேங்கிய, உயிர்வாயு அற்ற நீரில் அதன் பாதுகாப்புப் படலம் சிதைந்து, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே குழி விழும். ஸ்டெர்ன் டியூபுக்குள்ளும் பேக்கிங்குக்கு அடியிலும் மாதக்கணக்கில் நீர் தேங்கி நிற்கும் படகில் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

அதிர்வைப் படிப்பது

அதிர்வு வந்ததும் எஞ்சினின் கோட்டைக் குறைசொல்வது வழக்கம். அதிர்வின் தாளம் ஓரளவு குற்றவாளியைக் காட்டும். ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை என்றால் வளைந்த ஷாஃப்ட், சமநிலை தவறிய புரொப்பெல்லர், அல்லது கூம்பில் கோணலாக உட்கார்ந்த குடம். ஒரு சுற்றுக்கு இலைகளின் எண்ணிக்கை அளவு என்றால், இலை முனை படகின் அடியை மிக நெருங்கிப் போகிறது. புரொப்பெல்லர் விட்டத்தில் குறைந்தது 10 விழுக்காடு இடைவெளி என்பது கைநூல்களின் கீழ்வரம்பு; 15 என்றால் நல்லது. வேகம் பெறப் பெரிய புரொப்பெல்லரை மாட்டும் படகுகள் முதலில் தின்பது இந்த இடைவெளியைத்தான். எஞ்சினும் தன் முழுச் சுற்றுவேகத்தை எட்ட முடியாமல் கறும்புகை விடும்.

தீராதவை

மூன்று மரபுகளில் ஒன்று வென்றது என்று சொல்வதற்கில்லை. உறுதியான எஃகு உடலும் கெட்டியாக இறுக்கிய எஞ்சினும் உள்ள படகுக்கு முதல் மரபு இன்றும் போதுமானது. மென்மையான மவுண்ட்டில் நிற்கும் எஞ்சினுக்கு அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு எந்த அளவுக்குப் பொருள்படும் என்பது திறந்த கேள்வி. முழு விசை கொடுத்ததும் எஞ்சின் மவுண்ட்டில் அதைவிடப் பல மடங்கு நகர்கிறது. நிறுத்தி வைத்து எடுத்த அந்த நுண்ணிய அளவு, அப்போது ஒரு தொடக்கப்புள்ளிக்கு மேல் எதையும் சொல்வதாகத் தெரியவில்லை. தொடக்கப்புள்ளியே பிசகினால் மீதியும் பிசகும் என்ற மறுமொழியையும் தள்ள முடியாது.

டேப்பரைப் பொறுத்தவரை அறிவு போதுமான அளவு இருக்கிறது. கேள்வி அது எவ்வளவு தூரம் பட்டறை வரை வந்து சேர்கிறது என்பதே. சிறு படகில் கீயும் உராய்வும் முறுக்குவிசையை எந்த விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது மட்டும் இன்னும் ஊகத்தின் பக்கம் நிற்கிறது. பெரிய கப்பலில் ஷாஃப்டின் மேல் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, கப்பல் ஓடும்போதே வளைவையும் முறுக்கையும் அளக்கிறார்கள். 40 மி.மீ. ஷாஃப்டில் அதைச் செய்யத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. ஆனால் ஒரு படகின் ஷாஃப்டைச் சில நாள் அளப்பதற்கு ஆகும் செலவில் புது ஷாஃப்டே கடைந்து மாட்டிவிடலாம் என்ற கணக்கு குறுக்கே நிற்கும்வரை, முறிந்த ஷாஃப்ட் மாற்றப்படும். அது முறிந்த காரணம் பதிவாகாது.